கராஜ் இருந்த காணி

கொழும்பில் காணி வாங்குபவர்கள் தவறாமல் செய்யும் ஒரு வேலை, நொத்தாரிசு ஒருவரைப் பிடித்து 30 வருடத்து உறுதிகளைப் பார்க்கச் சொல்வது. யார் யாருக்கு விற்றார், ஈட்டில் இருக்கிறதா, வழக்கு உண்டா எல்லாம் அதில் வந்துவிடும். அந்த 30 வருடமும் நிலத்தில் என்னென்ன ஊற்றினார்கள் என்பது மட்டும் வராது. அதைத் தேடிப் போவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உறுதியில் எழுதியிருந்தாலும் ஆட்கள் கேட்பார்கள் என்றில்லை. அமெரிக்காவில் நயாகரா பக்கம் லவ் கனால் என்ற இடத்தை ஒரு இரசாயனக் கம்பனி 1953இல் பாடசாலைச் சபைக்கு ஒரே ஒரு டொலருக்குக் கொடுத்தது. உள்ளே இரசாயனக் கழிவு புதைத்திருக்கிறோம், பின்னால் எங்களைப் பிடிக்கக்கூடாது என்று உறுதியிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் அங்கே பள்ளிக்கூடம் எழும்பியது. 1978இல் சனத்தை வெளியேற்ற வேண்டி வந்தது. 1980இல் வந்த சட்டத்தில், மாசான காணியின் இப்போதைய சொந்தக்காரரும் மாட்டுப்படலாம் என்று ஆனது. வாங்க முன் விசாரிக்கும் பழக்கம் அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இப்போது கையிலிருக்கும் காணி கிராண்ட்பாஸ் பக்கம். பழைய லொறி கராஜ். வாங்கப் பார்ப்பவருக்கு அங்கே மாடிவீடு கட்டி விற்கும் எண்ணம். முதல் நாளே கேட்டார்: “மிஸ், கறுத்த மண்ணைப் பெக்கோ விட்டு அள்ளிப்போட்டு, மேலே கிரவல் போட்டால் முடிஞ்சுதே? இதுக்கு ஏன் இவ்வளவு செலவு?”

எல்லோரும் கேட்கும் கேள்விதான். அள்ளுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, எதை அள்ளுவது என்று தெரிந்தால். கறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அங்கே கிண்டியபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆவி அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. சிப் பையில் பாதி அளவுக்கு மண்ணைப் போட்டு வாயை மூடி, கட்டிகளை விரலால் நசுக்கி, கொஞ்ச நேரம் சூட்டில் விட்டு, பிறகு கருவியின் மூக்கை உள்ளே நுழைப்போம். சேர்விஸ் குழிக்குப் பக்கத்தில் தார் போலக் கறுத்துக் கிடந்த மண்ணில் எண் அசையவே இல்லை என்று சொல்லலாம். பழைய எஞ்சின் ஒயில் ஆவியாகிற சாமான் அல்ல. ஊற்றிய இடத்தை விட்டு அதிக தூரம் நகரவும் மாட்டாது. மதிலோரம், பெற்றோல் தாங்கி இருந்த மூலையில், ஒன்றரை மீற்றருக்குக் கீழே சாம்பல் நிறக் களி வந்தது. பார்க்க அவ்வளவு சுத்தம். பைக்குள் மூக்கு போனதும் கருவி கத்தத் தொடங்கிவிட்டது. பெக்கோக்காரர் கறுப்பை மட்டும் அள்ளியிருந்தால் அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார்.

அதைவிட மோசமான இடத்தை எனக்குக் காட்டியது எந்தக் கருவியும் இல்லை, அங்கே முன்பு பெற்றரி வேலை செய்த வயதான நானா ஒருவர். காணிக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். இப்போது வாழை நிற்கிற இடத்தில் போய் நின்றார். “இங்கதான் மகள் உடைக்கிறது. அசிட்ட அந்தக் கான்ல ஊத்திருவோம். தட்டை எல்லாம் எடுத்து அந்தா, அங்க வச்சு உருக்குவோம்.” 1956ஆம் ஆண்டின் வான்படத்தைப் பார்த்தாலும் கூகுள் ஏர்த்தைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாலும் இது கிடைக்காது. மண்ணில் கை வைக்கும் முன் ஆட்களோடு பேசு என்று அமெரிக்க விதிமுறையே சொல்கிறது. ஆனால் நம்ம ஆட்கள் அந்தப் பகுதியைத்தான் “பக்கத்தவர் விசாரிக்கப்பட்டனர்” என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள்.

பெற்றரித் தட்டு என்றால் ஈயம். ஆனால் வாழையடி மண் சாதாரணச் செம்மண். நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஈயத்தை அந்த இடத்திலேயே அளக்கும் எக்ஸ்கதிர்க் கருவி பார்க்கத் துவக்கு மாதிரியே இருக்கும். (2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அதைப் பெட்டியில் பூட்டித்தான் ஓட்டோவில் ஏற்றுகிறேன்.) ஈர மண்ணில் வைத்தால் குறைத்துக் காட்டும், கொழும்பு மழைக்கு நேரே வைத்து அளந்துவிட்டு “பரவாயில்லை” என்று எழுதுவது பெரிய அநியாயம். உலர்த்தி, 150 மைக்ரோன் சல்லடையில் சலித்துத்தான் அளக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் கையில் ஒட்டி வாய்க்குள் போவது அந்தப் பொடிதானே. சலித்து அளந்ததில் வாழையடி மண், கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் ஈயம் என்ற கணக்கில், நாலிலக்கத்தில் வந்தது.

எத்தனைக்கு மேல் போனால் கூடாது என்பது இன்னொரு தலையிடி. வீட்டுக் காணிக்கு அமெரிக்கர்கள் வெகுகாலமாக ஒரு கிலோ மண்ணில் 400 மில்லிகிராம் ஈயம் என்று வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அதை 200 ஆக்கினார்கள். ஒல்லாந்தர் கணக்கில் தலையிட வேண்டிய அளவு 530. அதுவும் 25 வீதம் களியும் 10 வீதம் மக்கிய பொருளும் உள்ள அவர்களுடைய மாதிரி மண்ணுக்கு. மற்ற மண்ணுக்குத் திருத்திக் கணக்குப் பார்க்க வேண்டும். 300 வந்த இடத்தை ஒல்லாந்தரின் 530ஐக் காட்டித் தேற்றிவிடும் அறிக்கைகளைக் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் விளையாடப்போகும் முற்றத்துக்கு நான் 200ஐத்தான் பார்ப்பேன், யார் முகம் சுளித்தாலும்.

அப்புறம் தண்ணீர். நான் யாழ்ப்பாணத்து ஆள். சுன்னாகத்தில் கிணற்று வாளியில் ஒயில் மிதந்த கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது பெரிய வகுப்புக்கு வந்துவிட்டார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அங்கிருந்த மின்நிலையக் கம்பனியை 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே சுண்ணாம்புக்கல், வெடிப்பு வழியே ஓடிவிடும். இங்கே கிராண்ட்பாஸ் பக்கம் கதை வேறு. சதுப்பை நிரப்பிய நிலம், என்னத்தால் நிரப்பினார்கள் என்று நிரப்பியவருக்கே தெரியாது. மூன்று முழம் தள்ளிக் கிண்டினால் வேறு மண். மழைக்கு நீர்மட்டம் ஏறும், மேலே மிதக்கும் பெற்றோலும் கூடவே ஏறி மேல்மண்ணில் பூசிக்கொள்ளும். கோடையில் இறங்கும்போது கீழேயும் பூசும். ஆகவே ஒரு காலத்தில் மட்டும் அளந்தால் பாதிக் கதைதான்.

காணிக்குப் பின்னால் ஒரு தோட்டம், அதாவது கொழும்பில் சொல்கிற மாதிரி நெருக்கமான வீட்டு வரிசைகள். அங்கே பொதுக்கிணறு ஒன்று. குடிக்க ஆளுக்கு ஆள் பைப் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குளிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் கிணற்றில்தான். அடுத்த கட்ட வேலைக்கான கொட்டேசனில் அந்தக் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்தேன், மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. வாங்குபவர் அந்த வரியில் பேனையை வைத்து, “இது என்ர காணி இல்லையே மிஸ்” என்றார். வெட்டுவதென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லி விற்பவரோடு பேரம் பேசுகிறார் என்று கேள்வி, என் அறிக்கையின் ஈயப் பக்கத்தைக் காட்டித்தானாம்.