வேர்ல்டு கோப்பில் இருப்பது: ஒரு பழைய லேப்டாப்பின் நாட்குறிப்பு

அக்டோபர் 25, 2025, சனி. கல்லிடைக்குறிச்சி

தீபாவளிக்கு இறக்கிய பாத்திரங்களைத் திரும்பப் பரணில் ஏற்றப் போன இடத்தில் என் பழைய லேப்டாப் கிடைத்தது. 2012-இல் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி. 2 ஜிபி ராம், சுற்றுகிற ஹார்டு டிஸ்க். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜரைச் சொருகினால் மட்டும் விளக்கு எரிகிறது. இதில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. லினக்ஸ் என்ற பெயரை நான் முதலில் படித்தது இந்தத் திரையில்தான். இன்று சர்வர் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் இதைப் பழைய சாமான்காரரிடம் போட மனம் வரவில்லை.

அண்ணன் மகள் பக்கத்திலேயே நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. "அத்தை, இது இன்னும் ஓடுமா?" என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து, "ஓடுச்சுன்னா என் அப்பளக் கணக்க அதுல எழுதிக் குடுங்கட்டி" என்றாள். அப்பள ஆர்டர், உளுந்து வரவு, யார் பாக்கி என்று எல்லாம் இப்போது ஒரு நீள நோட்டில் இருக்கிறது. சரி, வேலை கிடைத்துவிட்டது.

ஆல்பைன் லினக்ஸ் போடலாம் என்று முடிவு செய்தேன். வேலையில் கண்டெய்னர்களுக்குள், அதாவது சர்வரில் ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகளுக்குள், தினமும் பார்ப்பதுதான். கண்டெய்னராக 8 எம்பிக்குள் அடங்கும். டிஸ்கில் போட்டாலும் அடிப்படைக்குச் சுமார் 130 எம்பி போதும். சின்னது என்பதற்காக மட்டும் இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று முழுவதையும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட முடியும்.

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் பென்டிரைவில் ஆல்பைனின் ஐஎஸ்ஓ கோப்பை எழுதி, அதை நிறுவும் செட்டப்-ஆல்பைன் ஸ்கிரிப்டை ஓட்டினோம். விசைப்பலகை, பெயர், கடவுச்சொல், நேர மண்டலம், எந்த டிஸ்க். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரீபூட் ஆனதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் லாகின் கேட்டது. அவளுக்குப் பெரிய ஏமாற்றம். "இவ்வளவுதானா? படம் ஒண்ணும் வரலையே?"

"இனிமே நாம கேக்கிறதுதான் வரும்" என்றேன்.

ஏபிகே என்பது ஆல்பைனின் தொகுப்பு மேலாளர், மென்பொருள்களைப் போடவும் எடுக்கவும் உள்ள கட்டளை. ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புக்கும் அதே மூன்று எழுத்துதான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவைத்தேன். அப்டேட் என்றால் இணையக் கிடங்கில் என்னென்ன இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் கொண்டு வரும். ஆட் என்றால் பொருளைக் கொண்டு வரும். டெல் என்றால் எடுத்துவிடும். அப்கிரேட் என்றால் இருப்பதைப் புதுசாக்கும். எந்தக் கிடங்கு என்பது ரெப்பாசிட்டரிஸ் என்ற கோப்பில் இரண்டு மூன்று வரியாக இருக்கிறது. மெயின் என்பது ஆல்பைன் குழுவே தாங்கிப் பிடிக்கும் பகுதி. ஒரு வெளியீட்டுக்கு இரண்டு வருடம் திருத்தங்கள் வரும். கம்யூனிட்டி பகுதிக்கு அடுத்த வெளியீடு வரும் வரைதான். அந்த வரி முன்னால் ஒரு கட்டக் குறியோடு (#) தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குறியை அவளையே அழிக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் வினை. என் போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் கொடுத்திருந்தேன். அப்டேட் கொடுத்தால் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று பிழை. சிக்னல் என்று நினைத்து மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். போனை மாற்றினோம். கேபிளை மாற்றினோம். ஒரு மணி நேரம் போன பிறகு அவள் கேட்டாள்: "அத்தை, இதுல ஏன் 2011-னு காட்டுது?"

மதர்போர்டில் கடிகாரத்தைத் தாங்கும் சின்ன செல்லும் செத்துப்போயிருக்கிறது. கிடங்கின் முகவரியை நான் எச்டிடிபிஎஸ் என்று, சான்றிதழைச் சரிபார்க்கும் வகையில், எழுதியிருந்தேன். சான்றிதழுக்குத் தொடக்க நாள் ஒன்று உண்டு. 2011-இல் நிற்கிற லேப்டாப்புக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். தேதியைக் கையால் திருத்தியதும் அட்டவணை மளமளவென்று இறங்கியது. நேரம் பார்க்கும் குரோனி என்ற நிரலையும் தொடக்கத்தில் ஓடும்படி வைத்துவிட்டேன். இனி இணையம் கிடைத்தவுடன் நேரத்தை அதுவே சரிசெய்துகொள்ளும். தேதியைப் பார்த்தது அவள்தான். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

வேலை முடிந்து அரை மணி நேரம். வரைகலைக்கான அடிப்படையை செட்டப்-எக்ஸார்க்-பேஸ் கொண்டு போட்டோம். முழு டெஸ்க்டாப்பையும் ஒரே மூச்சில் போட்டுத் தரும் ஸ்கிரிப்டும் இருக்கிறது. அதைத் தொடவில்லை. ஒவ்வொன்றாக வந்தால்தான் எது எதற்கு என்று தெரியும்.

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டாவில் அலுவலக வேலையும் நடக்க வேண்டும். ஆகவே எதையும் போடுவதற்கு முன் சிமுலேட் என்ற விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கினேன். என்னென்ன வரும் என்று வரிசையாகச் சொல்லும், ஒன்றையும் எடுக்காது. வைஃபைக்காக லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்று மொத்தமாகக் கேட்டுப் பார்த்தபோது திரை நிற்காமல் ஓடியது. உலகத்தில் உள்ள அத்தனை சில்லுக்கும் சேர்த்து வருகிறது. நல்லவேளை, ஆல்பைனில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய சில்லுக்கு உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நவம்பர் 1, சனி

ஐப்பசி மழை. வெளியே போக வழியில்லை, நாள் முழுவதும் லேப்டாப்போடுதான்.

ஐஸ்டபிள்யூஎம் போட்டோம். சின்ன சாளர மேலாளர், இந்த வயதான இயந்திரத்துக்குப் பாந்தமாக இருக்கிறது. கணக்குக்கு நியூமெரிக், எக்செல் போன்ற ஒரு விரிதாள் மென்பொருள். அதைக் கேட்டதும் நாற்பது வரிக்கு மேல் ஓடியது. "ஒண்ணுதான கேட்டோம், ஏன் இத்தனை வருது?" என்றாள். எனக்கு ரொம்பப் பிடித்த கோப்பைக் காட்ட நேரம் வந்துவிட்டது.

இடிசி அடைவுக்குள் ஏபிகே, அதற்குள் வேர்ல்டு. சாதாரண எழுத்துக் கோப்பு. திறந்தால் வரிக்கு ஒரு பெயர். நாற்பதும் அதில் இல்லை. நியூமெரிக் என்ற ஒரு வரிதான் புதிதாகச் சேர்ந்திருந்தது.

வீட்டுக்கு நாம் அழைத்தது மாமாவை. அவரோடு அத்தையும் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். அழைத்தவர் பெயர் மட்டும் வேர்ல்டில் இருக்கும். மாமா கிளம்பினால், வேறு யாரும் அவர்களை அழைத்திருக்காத பட்சத்தில், கூட வந்தவர்களும் கிளம்பிவிடுவார்கள். இப்படித்தான் அவளுக்குச் சொன்னேன். உடனே சோதித்துப் பார்த்தாள். நியூமெரிக்கை டெல் செய்தாள், நாற்பதும் போயின. திரும்ப ஆட் செய்தாள், வந்தன. (டேட்டா இரண்டு தடவை போனது. ஏபிகே கேஷை அமைத்திருந்தால் இறங்கியது டிஸ்கிலேயே இருந்திருக்கும். மத்தியானம் அமைத்துவிட்டேன்.)

பிறகு அவள் விட்ட கேள்விதான் கேள்வி. நியூமெரிக் தன் சாளரத்தை வரையப் பயன்படுத்தும் ஜிடிகே நூலகத்தை முதலில் பெயர் சொல்லி ஆட் செய்தாள், அடுத்து அதையே டெல் செய்தாள். 'வேர்ல்டு புதுப்பிக்கப்பட்டது, ஆனால் இந்தத் தொகுப்பு இன்ன காரணத்தால் நீக்கப்படவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி. கீழே காரணமாக நியூமெரிக்கின் பெயர். "அப்ப நாம சொன்னா கேக்காதா?" கேட்டது. நம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. இன்னொருவருக்கு அது வேண்டியிருப்பதால் வீட்டில் வைத்திருக்கிறது. என்ன செய்தது, எதைச் செய்யவில்லை, யாரால் என்று மூன்றையும் ஒரே செய்தியில் சொல்லிவிடுகிறது. பத்து வருடமாக எத்தனையோ மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறேன், இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவை குறைவு.

நவம்பர் 2, ஞாயிறு

தமிழ். தமிழ்நெட் 99 விசைப்பலகை எக்ஸ் சாளரத்தின் விசைப்பலகைத் தரவிலேயே இருக்கிறது, தனியாக எதையும் போட வேண்டியதில்லை. செட்-எக்ஸ்கேபி-மேப் கட்டளையில் இந்திய அமைப்பையும் தமிழ்நெட் வகையையும் சொன்னால் போதும். ஆங்கில எச் இருக்கும் இடத்தில் க. அவள் பள்ளியில் பழகியிருக்கிறாள், அதனால் விரல் தேடவில்லை.

ஆனால் திரையில் வந்ததெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. எழுத்துரு இல்லை. ஏபிகே சர்ச்சில் தமிழ் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடியதில் நோட்டோ தமிழ் எழுத்துரு தனித் தொகுப்பாகவே கிடைத்தது. மற்ற மொழிகளின் சுமை இல்லாமல் நமக்கு வேண்டியது மட்டும். ஆட் கொடுத்து, நியூமெரிக்கை மூடித் திறந்தோம். கட்டங்கள் இருந்த அதே இடத்தில் 'கொத்தமல்லி' என்று நின்றது. கொ-வின் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எழுத்து நல்லா முழிப்பா இருக்கு" என்றாள்.

நவம்பர் 5, புதன்

மழை. மின்சாரம் வந்து வந்து போகிறது. தொடவில்லை.

நவம்பர் 8, சனி

தொட்டது தப்பாகப் போனது. காலையில் அப்கிரேட் கொடுத்துவிட்டுத் தோசை சாப்பிடப் போனேன். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான். லேப்டாப்பில் பேட்டரி கிடையாது. திரை பொட்டென்று அணைந்தது. தோசை இறங்கவில்லை.

நான் பயந்தது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்காக. கர்னல் மாறினால் அதோடு சேர்ந்த தொடக்கக் கோப்பையும் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த வேலை எல்லாத் தொகுப்பும் இறங்கிய பிறகு, கடைசியில் நடப்பது. நடுவில் அறுந்தால் இயந்திரம் எழுந்திருக்காமலே போகலாம். பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது. எழுந்துவிட்டது. அன்றைய பட்டியலில் கர்னல் இல்லை. டிஸ்கைச் சரிபார்த்து முடித்ததும் அப்கிரேடைத் திரும்பக் கொடுத்தேன், விட்ட மீதியை முடித்தது. சந்தேகம் தீர நியூமெரிக்குக்கு ஏபிகே ஃபிக்ஸ் ஒருமுறை கொடுத்தேன். அது தொகுப்பைத் திரும்பப் போட்டுச் சீர்செய்யும். இனி மழை நாளில் அப்கிரேட் கிடையாது. அம்பாசமுத்திரத்தில் இந்த மாடலுக்கு பேட்டரி கிடைக்கிறதா என்று அண்ணன் விசாரிக்கிறான்.

நவம்பர் 9, ஞாயிறு

அண்ணன் தன் பிரிண்டருக்கு என்று ஒரு டிரைவரை எங்கிருந்தோ இறக்கிக் கொண்டுவந்தான். அடைவில் கோப்பு இருக்கிறது, ஓட்ட அனுமதியும் கொடுத்தாயிற்று. ஓட்டினால் 'கிடைக்கவில்லை' என்கிறது. கண் முன்னால் இருக்கும் கோப்பைக் கிடைக்கவில்லை என்றால் யாருக்கும் கோபம்தான் வரும். கிடைக்காதது அந்தக் கோப்பு இல்லை, அதைத் தூக்கி நிறுத்தும் லோடர். பெரும்பாலான லினக்ஸ்கள் ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் மேல் நிற்கின்றன. ஆல்பைன் 2014-இல் வந்த 3.0 முதல் மஸல் என்ற சின்ன நூலகத்தின் மேல் நிற்கிறது. அங்கே கட்டியது இங்கே அப்படியே ஓடாது.

ஜிகாம்பேட் என்று ஒரு பாலம் கிடங்கிலேயே இருக்கிறது. போட்டதும் டிரைவர் நிறுவி ஓடத்தான் செய்தது. ஆனால் அது யூஎஸ்ஆர் அடைவுக்குள் எதையெதையோ இறைத்துவிட்டுப் போனது. ஒரு கோப்பைக் காட்டி, இது எந்தத் தொகுப்புக்குச் சொந்தம் என்று ஏபிகே இன்ஃபோவிடம் கேட்டேன். உரிமையாளர் தெரியவில்லை என்றது. அந்தப் பதில் எனக்குச் சகிக்கவில்லை. வேர்ல்டில் பெயர் இல்லாத ஒன்று வீட்டுக்குள் நடமாடக் கூடாது. தொகுப்புகளுக்கு வெளியே மாறியதைக் காட்டும் ஏபிகே ஆடிட்டை ஓட்டி, வேண்டாததை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அழித்தோம், ஜிகாம்பேடையும் டெல் செய்தோம். அண்ணனுக்கு வருத்தம். பில்லைப் பிடிஎஃப் ஆக்கிப் பென்டிரைவில் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகலாம் என்றேன். மதினி, "இத முதல்லயே சொல்லியிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சம்" என்றாள்.

நவம்பர் 15, சனி

சி மொழி எழுதிப் பார்க்க வேண்டும் என்றாள். கம்பைலர், மேக், மஸல் தலைப்புக் கோப்புகள் மூன்றையும் விர்ச்சுவல் என்ற விருப்பத்தோடு 'பாடம்' என்ற பொருள் வரும் ஒரே பெயரின் கீழ் போட்டேன். வேர்ல்டில் அந்த ஒரு பெயர்தான் ஏறும். பரீட்சை நெருங்கும்போது அந்தப் பெயரை டெல் செய்தால் மொத்தமும் போய்விடும். முன்னால் புள்ளி வைத்து எழுதுவது வழக்கம் என்றதும், "ஏன் புள்ளி?" என்றாள். தற்காலிகமானது என்று பட்டியலில் பளிச்சென்று தெரிவதற்கு.

சாயங்காலம் அம்மா நோட்டைப் படிக்கப் படிக்க அவள் நியூமெரிக்கில் ஏற்றினாள். உளுந்து, பிரண்டை, பெருங்காயம், உப்பு. தென்காசிப் பாக்கி, வீரவநல்லூர் பாக்கி. முடித்துவிட்டு வேர்ல்டு கோப்பைத் திறந்தாள். இருபத்தி மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் எதற்கு என்று என்னிடம் சொல்லிப் பார்த்தாள். இருபத்தொன்று சரி. திணறியது இரண்டில்: ஒன்று வைஃபை ஃபர்ம்வேர் துண்டு, இன்னொன்று நானே எதற்குப் போட்டேன் என்று மறந்துபோன ஒரு எழுத்துரு. மறந்ததை டெல் செய்தோம்.

பிறகு அம்மாவின் நீள நோட்டில் கடைசிப் பக்கத்தை எடுத்து, இருபத்திரண்டு பெயரையும் பேனாவால் எழுதினாள். இந்த ஹார்டு டிஸ்க் போனாலும், புது டிஸ்கில் ஆல்பைனைப் போட்டு, இந்தப் பட்டியலில் கிடங்கில் இல்லாத, நாமே வைத்த 'பாடம்' பெயரை மட்டும் விட்டு மற்றதை வேர்ல்டில் அடித்து, பெயர் ஒன்றும் சொல்லாமல் ஏபிகே ஆட் என்று மட்டும் கொடுத்தால் மற்ற எல்லாம் திரும்ப வந்துவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பக்கத்தின் மேலே ரெப்பாசிட்டரிஸ் கோப்பின் இரண்டு வரியையும் எழுதிக்கொண்டாள். அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யார் பாக்கி?" என்று கேட்டாள்.