அலமாரி வந்த பிறகுதான் அளந்தோம்

ஆறு தளப் புது நூலகம். வாசகர்களை உள்ளே விடுவதற்கு முன் காற்றைப் பரிசோதித்துத் தேற வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயின்ட் காய்ந்ததுமே அளந்துவிடலாம் என்று ஒப்பந்ததாரர் தரப்பில் நெருக்கினார்கள். ஃபர்னிச்சர் முழுவதும் பொருத்தி முடியட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வெறும் கட்டடத்தில் நல்ல அளவு வந்து என்ன பயன்? பிள்ளைகள் உட்காரப் போவது அலமாரிகளுக்கு நடுவில்தானே.

அளக்கும் நாளில் ஜன்னல்களை மூடி, ஏ.சி.யை வழக்கமான நேரத்தில் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும் அளவைக் கட்டுப்படுத்தும் டேம்பர் தகட்டைக் குறைந்தபட்ச அளவில் வைத்தோம். உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரத்தில் முக்காலி, அதில் பம்ப். ஃபார்மால்டிஹைடு வாயுவைப் பிடிக்க டி.என்.பி.எச். என்ற வேதிப்பொருள் பூசிய கார்ட்ரிட்ஜ், பெயின்ட், பசை போன்றவை விடும் மற்ற ஆவிகளுக்கு டெனாக்ஸ் என்ற உறிஞ்சுபொருள் நிரப்பிய குழாய். நான்கு மணி நேரம் ஓடியது. காற்றே இழுக்காத கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் சேர்த்தே ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வழியில் ஏதும் ஒட்டியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அன்று தரை துடைக்க வேண்டாம் என்று துப்புரவுப் பணியாளர்களிடம் முன்பே சொல்லியிருந்தேன். துடைக்கும் திரவமே ஆவி அளவை ஏற்றிவிடும்.

கார்பன் மோனாக்சைடு, தூசி இரண்டும் சரி. ஆவிகளின் மொத்த அளவு கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராமுக்குள் இருந்தது. ஃபார்மால்டிஹைடில் தவறினோம். நாங்கள் பின்பற்றிய லீட் என்ற பசுமைக் கட்டட மதிப்பீட்டு முறையின் 4ஆம் பதிப்பில் வரம்பு 27 பிபிபி, அதாவது நூறு கோடிப் பங்கு காற்றில் 27 பங்கு. குழந்தைகள் பிரிவில் 44 வந்திருந்தது.

"வாசனையே வரவில்லையே" என்றார் ஒருவர். இந்த அளவில் பெரும்பாலானவர்களின் மூக்குக்கு எட்டாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய வாயு இது. அதன் பிறகு எனக்கு விழா தேதி பெரிதாகத் தெரியவில்லை.

டார்ச்சோடு அலமாரிகளின் பின்னால் புகுந்து பார்த்தேன். முகப்பில் பளபளவென்று லேமினேட். சுவர்ப் பக்கமும் அறுத்த விளிம்புகளும் திருகுத் துளைகளும் பச்சையாகத் திறந்த பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திய பலகை. அதிலுள்ள யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, சூடும் ஈரமும் பட்டால் மெல்லச் சிதைந்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். எல்லா விளிம்பையும் அடைத்தோம்.

அடுத்தது வெளிக்காற்றால் கட்டடத்தை அலசுவது. லீட் கணக்கு, ஒரு சதுர அடித் தளத்துக்கு 14,000 கன அடி காற்று. ஒவ்வொரு சதுர அடிக்கும் நிமிடத்துக்கு 1 கன அடி வீதம் செலுத்தினால் 233 மணி நேரம், கிட்டத்தட்ட பத்து நாள். அத்தனை நாளும் உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் ஏ.சி.யும் ஓடியாக வேண்டும். மூன்றாம் இரவு மின்சாரம் வீணாகிறதென்று யாரோ அணைத்துவிட்டார்கள். அந்த மணி நேரங்களைக் கழித்துவிட்டு மேலும் ஓட்டினேன்.

மறுபரிசோதனை, அதே இடங்களில். குழந்தைகள் பிரிவில் 19. அதை ஒட்டிய சிறிய கதை சொல்லும் அறையில் மட்டும் 29. "ரெண்டுதானே அதிகம், விடுங்க சார்" என்றார்கள். விடவில்லை. அந்த அறையைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தோம். உள்ளே இருந்த புது இருக்கைகளின் அடிப்பலகையும் அடைக்கப்படாமல்தான் இருந்தது. சரிசெய்து மீண்டும் அளந்து, 22 வந்த அன்று சாவியை நூலகரிடம் கொடுத்தேன்.