பல்செட்டைக் கழற்றும் கை

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து, அதன்மேல் கழற்றி மாட்டும் பல்செட் போட்டிருக்கிறோம். "அப்ப இனிமே தொல்லையே இல்லையே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பழைய செட்டை நினைத்தால் இல்லைதான். அது பேசும்போதே எழும்பி வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டே சாப்பிடுவார். இப்போது கடலை மிட்டாய்கூடக் கேட்கிறார். ஆனால் புதுசுக்கும் பராமரிப்பு உண்டு. பல் வைக்கும் முன்பே அதை விளக்கமாகச் சொல்லும் இடங்கள் குறைவு.

கீழ்த்தாடைக்கு இது நல்ல வழி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மேல்செட் அண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். கீழே அந்த வசதி கிடையாது, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் வைத்த செட்டுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும் சொன்னார்கள்.

எலும்புக்குள் டைட்டானியம் திருகு. அதன் தலையில் ஈறுக்கு மேலே தெரியும் ஓர் உலோகக் குமிழ். செட்டின் அடிப்பக்கத்தில் அதைக் கவ்வும் நைலான் வளையம். சட்டையின் பிரஸ் பட்டன் மாதிரி 'டக்'கென்று உட்காரும். அம்மாவுக்கு வைத்த லொக்கேட்டர் என்ற குமிழ் வகையில் இந்த வளையத்துக்கு நிறம் உண்டு: நீலம் இலகு, பிங்க் நடுத்தரம், வெள்ளை இறுக்கம்.

முதலில் போட்டது வெள்ளை. நன்றாகப் பிடித்தது. ஆனால் அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம், செட்டைக் கழற்ற முடியவில்லை. எங்களிடம் சொல்லாமல் ராத்திரியும் அப்படியே போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். கொஞ்ச நாளில் குமிழைச் சுற்றி ஈறு சிவந்து, பிரஷ் பட்டாலே ரத்தம். கேட்டதற்கு, "உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு இருந்துட்டேன்டி" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு தேயவில்லை, பாதிப்பு ஈறோடு நின்றிருந்தது. டாக்டர் சுத்தம் செய்துவிட்டு நீல வளையத்துக்கு மாற்றினார். இப்போது அம்மா தானே கழற்றுகிறார். பிடிப்பு கொஞ்சம் குறைவுதான், ஆனால் கழற்ற முடிகிறது. இறுக்கமாக இருப்பதுதான் நல்லது என்று நினைக்காதீர்கள். யாருடைய கை தினமும் கழற்றப் போகிறது என்பதை முதலிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கும். அதை விட்டுவிட்டால் உள்ளே எலும்பு கரையும். பெரும்பாலும் வலி இருக்காது, அதுதான் பயம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் ராத்திரி செட்டைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டதும், மென்மையான பிரஷ்ஷால் குமிழைச் சுற்றித் தேய்த்துவிடுவது என் வேலை. செட்டுக்குப் பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும்.

நம் சாப்பாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. குமிழின் நடுவில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. எள்ளு, ரவை, கொய்யா விதை எல்லாம் அதில் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் செட் முழுதாக உட்காராது. பல்லைக் கடித்து அழுத்தி மாட்டினால் வளையம் கிழியும், செட்டே விரிசல் விடவும் கூடும். குழியைச் சுத்தம் செய்துவிட்டு, இரண்டு விரலால் அழுத்தித்தான் மாட்ட வேண்டும்.

வளையம் தேய்வது இயல்பு, மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றியதும் மாற்றியதும் தளர்ந்தால் வளையத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். கடைவாய்ப் பக்கம் எலும்பு மெல்ல மெல்லச் சுருங்கி, செட் பின்னால் ஆட ஆரம்பித்திருக்கலாம். கடைவாய்ப் பல்லில் விரலை வைத்து அழுத்தும்போது முன்பக்கம் எழும்பினால், செட்டின் அடிப்பகுதியை ஈறுக்குப் பொருந்தும்படி ரீலைன் செய்ய வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அந்தக் கட்டம் வந்துவிட்டது. பொங்கல் கழிந்ததும் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. இம்ப்ளாண்ட் எந்தக் கம்பெனி, என்ன அளவு, மேலே வைத்த குமிழ் எந்த வகை என்பதை எழுதி வாங்கி வையுங்கள். டாக்டர் ஊர் மாறலாம், நாமும் மாறலாம். ஒரு கம்பெனியின் பாகம் இன்னொன்றுக்குச் சேராமல் போவதுண்டு. எங்களுக்கு முதலில் கிடைத்தது வெறும் பில்தான். கேட்டுக் கேட்டு விவர அட்டை வாங்கினேன். அது இப்போது அம்மாவின் சர்க்கரை ஃபைலில் இருக்கிறது, போட்டோ தம்பியின் போனிலும் இருக்கிறது.