கிரிகி தந்திரம்: பாதம் ஒருவழியாகத் தரையில் நின்றது

1907இல் செகுந்தோ தெ ஷோமோன் பாத்தே நிறுவனத்துக்கு எடுத்த ‘லே கிரிகி’ என்ற வித்தைக் குறும்படத்தின் சூட்சுமம் தெரிந்ததுதான். வித்தைக்காரர்கள் கறுப்புத் தரையில் படுத்திருக்க, காமிரா நேர் மேலே; திரையில் அவர்கள் நிற்பதுபோலத் தெரியும். அதையே போனில் எடுத்துப்பார்த்ததில், தோள்மேல் ஆள் நிற்கும் இரண்டடுக்கு மூன்றாவது முயற்சியில்தான் உருப்படியாக வந்தது. முதல் இரண்டையும் கெடுத்தது பாதம்.

மல்லாந்து படுத்தால் கணுக்கால் தளர்ந்து, விரல்நுனி கீழ்நோக்கிச் சரியும். திரையில் ஆள் நிற்கமாட்டார், கயிற்றில் தொங்குவார். மடக்கிப் பிடிக்கச் சொன்னால் பத்து விநாடியில் கெண்டைக்கால் நடுங்குகிறது. ஆறடி நீளம், 10 அங்குல அகலப் பலகைக்கு மினுக்கமில்லாத கறுப்பு அடித்து, தரைக்கோடு வரவேண்டிய இடத்தில் விளிம்பில் நிறுத்தினால் உள்ளங்கால் முழுக்கப் பதிகிறது. மேலே ‘நிற்பவர்’ தோளை உதைக்கும் உதை பலகைக்குத்தான் வந்து சேரும். பின்னால் நான்கு செங்கலாவது அண்டைகொடுக்காவிட்டால் தரையே நகரும்!

28 மிமீக்குச் சமமான லென்ஸ் உள்ள போனை 3.5 மீட்டர் உயரத்தில், தூக்குக்குண்டு விட்டு நேர்பார்த்துக் கட்டினால், 4:3 சட்டத்தில் ஏறக்குறைய 4.3 × 3.2 மீட்டர் அடங்கும். அதற்கு 58 அங்குல வெல்வெட் மூன்று பட்டை, மொத்தம் பத்தரை மீட்டர். மேடை அலங்காரத்துக்கு விற்கும் பாலியெஸ்டர் வெல்வெட் வேண்டாம், விளக்குப் பட்டதும் சாம்பலாகிவிடும். பருத்தி வெல்வெட்தான் கறுப்பு. பட்டைகளின் ரோமம் ஒரே பக்கம் சாயவேண்டும். இல்லாவிட்டால் தையலுக்கு இருபுறமும் இரண்டு கறுப்பு தெரியும்.

வெளிச்சம் தலைப்பக்கத்திலிருந்து, நாலடி உயரத்தில். அப்போதுதான் மேடைவிளக்குபோல மேலிருந்து விழுவதாகத் தோன்றும்.

வெல்வெட்டில் முதுகு நகராது. சட்டையின் முதுகில் ஒன்றுக்கு ஒன்றரை அடி சாட்டின் துண்டு தைத்ததும் வழுக்குகிறது. அசைவுகளை நிதானமாகச் செய்து, ஓட்டும்போது ஒன்றரை மடங்கு வேகமாக்கினால் துள்ளல் வந்துவிடும்.

அங்கிவிளிம்பு இன்னும் பக்கவாட்டில் விரிகிறது. உள்மடிப்பில் ஈயக்குண்டு தைத்தால் காரியம் கெடும். எடை வெல்வெட்டைப் பார்த்துத்தான் இழுக்கும், பாதத்தைப் பார்த்து அல்ல. விளிம்பைக் காலோடு ஊசிகுத்திப் பார்க்கவேண்டும். நின்றபடி நுழைந்து வணங்கும் காட்சியும் பாக்கி. அதற்குள் பாத்தே பாணி ஸ்டென்சில் வண்ணத்தில் (சட்டம் சட்டமாக முகமூடி வெட்டி, அதன் வழியே நிறம் ஏற்றுவது) மனசு போய்விட்டது: சிவப்பு மட்டும், விநாடிக்கு 16 சட்டம், 40 விநாடிக்கு 640 முகமூடி.