அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு

பிப்ரவரி 3, 2024

ஜூனில் மாமியாருக்கு எழுபத்தைந்து. வம்சாவளி தேடிப் படமாகப் போட்டுத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். இவர்கள் வீட்டில் தாத்தாவுக்கு மேலே யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாமியார் பிறந்த வீட்டார் எல்லோரும் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரே கிராமம், சக்கிமுக்கிக் கல்லால் வட்டமாகக் கோபுரம் கட்டிய ஒரு சர்ச், பக்கத்தில் ஒரு பப், மற்றபடி வயல்தான். சின்ன ஊர்தானே, ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

1851 சென்சஸில் எள்ளுத்தாத்தா கிடைத்தார். வயது 32, விவசாயக் கூலி, மனைவி, ஒரு வயதுப் பையன், பிறந்தது இதே ஊர். பத்து நிமிட வேலை. ரொம்பச் சுலபமாக இருக்கிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 18

தப்பு செய்துவிட்டேன். யாரோ இணையத்தில் போட்டு வைத்திருந்த வம்சாவளியில் அதே குடும்பப் பெயரோடு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், வயதும் ஏறக்குறைய ஒத்துப்போனது, அவரை எள்ளுத்தாத்தாவின் அப்பாவாக ஒட்டிவிட்டு, அந்த வேகத்திலேயே இன்னும் மூன்று தலைமுறை மேலே ஏறிவிட்டேன். இன்று பார்த்தால், எள்ளுத்தாத்தா என்று நான் நினைத்த அவருடைய மகன் மூன்று வயதிலேயே அடக்கமாகியிருக்கிறான். எல்லாவற்றையும் அழித்தேன்.

1841 சென்சஸும் குழப்பியது. அதில் எள்ளுத்தாத்தாவுக்கு 20 வயது. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்களாம், 22 ஆனாலும் 24 ஆனாலும் 20தான். குடும்பப் பெயரோ இதுவரை மூன்று விதமாக எழுதிப் பார்த்தாகிவிட்டது. சொல்பவருக்கு எழுதத் தெரியாது, பாதிரியார் காதில் விழுந்ததை எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

மார்ச் 5

1843 திருமணப் பதிவின் நகல் தபாலில் வந்தது. 1837 ஜூலைக்குப் பிறகு நடந்த கல்யாணம் என்றால் மாப்பிள்ளை, பெண் இருவருடைய அப்பா பெயரும் தொழிலும் எழுத இடம் உண்டு. பெண்ணின் அப்பா ஆடு மேய்ப்பவர். மாப்பிள்ளையின் அப்பா என்ற இடத்தில் பெயர் இல்லை, குறுக்கே ஒரு கோடு. மையை நன்றாகத் தொட்டு, அழுத்தி இழுத்திருக்கிறார்கள். கீழே மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துக்குப் பதில் ஆளுக்கொரு பெருக்கல் குறி.

சரி, இல்லாத அப்பாவைத்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறேன்.

மார்ச் 14

ஒரு நாள் விடுப்பு போட்டு நார்விச் ஆவணக் காப்பகம். பேனா கூடாது, பென்சில் மட்டும். பழைய பதிவேட்டை வெறும் மேஜையில் விரிக்கவும் விடுவதில்லை, நுரைத் தலையணை மேல் வைத்து, பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க துணியில் தைத்த ஈயமணிச் சரத்தைப் போட வேண்டும். பார்க்கக் குட்டிப் பாம்பு போலவே இருக்கிறது.

1813க்குப் பிறகான ஞானஸ்நானப் பதிவேடு அச்சடித்த படிவம், பக்கத்துக்கு எட்டுப் பேர், படிக்கக் கஷ்டமில்லை. 1819 பிப்ரவரியில் எள்ளுத்தாத்தா இருந்தார். தாயின் பெயர் மட்டும். தொழில் என்ற இடத்தில் 'மணமாகாத பெண்'. குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பேஸ் பார்ன்', அதாவது முறை தவறிப் பிறந்தவன். தண்ணீர் தெளித்த அன்றே முத்திரையும் குத்தியாகிவிட்டது.

நேரம் இருந்ததால் 1700களின் ஏட்டையும் எடுத்துப் பார்த்தேன். அங்கே டிசம்பருக்குப் பிறகும் அதே வருஷத்தின் ஜனவரி, பிப்ரவரி ஓடுகிறது. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25இல்தான். இது தெரியாமல் போனால் கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகக் கணக்குப் போட்டு, பாவம், யாரையாவது சந்தேகப்படுவோம்.

ஏப்ரல் 11

மறுபடி நார்விச். இந்த முறை சர்ச் பதிவேட்டைத் தொடவில்லை, ஏழை நிவாரணக் கணக்குகளைக் கேட்டேன். அப்போது ஏழைகளுக்குப் படியளக்க வேண்டியது அந்தந்தப் பாரிஷ், அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி, அதற்கு ஊரிலேயே வரி வசூலித்தார்கள். கல்யாணமாகாமல் பிறந்த குழந்தை எந்தப் பாரிஷில் பிறந்ததோ அந்தப் பாரிஷின் பொறுப்பு. அதனால் கர்ப்பமான பெண்ணை நீதிபதிகள் முன் நிறுத்தி, அப்பா யார் என்று சத்தியம் வாங்கி, அந்த ஆளிடம் பணம் பிடிப்பார்கள். அக்கறை எல்லாம் வரிப்பணத்தின் மேல்தான். ஆனால் அந்தக் கஞ்சத்தனம் இல்லாவிட்டால் எனக்கு இன்று ஒன்றும் கிடைத்திருக்காது.

நாலாக மடித்த ஒரே தாள், மடிப்பில் பழுப்பேறியிருந்தது. இரண்டு நீதிபதிகளின் கையெழுத்து. பேறுகாலச் செலவோடு வாரம் 1 ஷில்லிங் 6 பென்ஸ் கட்ட வேண்டும் என்று உத்தரவு. கட்ட வேண்டிய ஆளின் பெயரும் தொழிலும் தெளிவாக இருக்கின்றன. அதே ஊர்ப் பண்ணையில் குதிரை ஓட்டுபவன்.

கணக்குப் புத்தகத்தில் முதல் ஏழு மாதம் அவனிடமிருந்து வரவு. அப்புறம் அவன் பெயரே இல்லை. 1825இல் ஒரு செலவு: 'பையனுக்குச் செருப்பு ஒரு ஜோடி'. கூடவே தாயின் பெயர். அந்த வரியைப் பென்சிலால் நகலெடுக்க ரொம்ப நேரம் ஆனது.

ஏப்ரல் 14

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியாரிடம் சொன்னேன். பரிசு என்று ரகசியமாக வைத்திருந்தேன், ஆனால் இதைச் சபையில் போட்டு உடைக்க முடியாதே. முகம் சுளிப்பார் என்று நினைத்து எவ்வளவோ சுற்றி வளைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்போ என் பிறந்த வீட்டுப் பெயர் அந்தப் பொண்ணோட பெயர்தானா?" என்றார். ஆமாம் என்றேன். "செருப்பு எவ்வளவு?" நாலு ஷில்லிங். "பரவாயில்லையே, நல்ல செருப்பாத்தான் வாங்கியிருக்காங்க."

குதிரைக்காரன் பெயரைப் படத்தில் ஒரு ஓரமாகப் போட்டால் போதுமாம். அவளைத்தான் நடுவில் போட வேண்டும், பிறந்தது இறந்தது இரண்டும் சேர்த்து. அடக்கப் பதிவேட்டை நான் இன்னும் பார்க்கவே இல்லை. நாளைக்கு மறுபடி விடுப்பு கேட்க வேண்டும்.