நெல்லைக் கோடை: லீவு நாட்குறிப்பு

ஏப்ரல் 12

திருநெல்வேலிக்கு நிழல் இல்லாத நண்பகல் இன்று. சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் நிற்பது வருஷத்தில் இரண்டு முறைதான், அடுத்தது ஆகஸ்ட் கடைசியில். செமஸ்டருக்குப் படிக்கிறவர்களும் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

மணி 12 அடித்ததும் மாடியேறினால் நிழல் இருக்கும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. நாம் 77.7 டிகிரியில் மேற்கே தள்ளி இருக்கிறோம். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் சேர்த்தால் நமக்கு உச்சிப்பொழுது 12.20 வாக்கில். 12.10-க்கே சாமானை எல்லாம் தயாராக வைத்துவிட வேண்டும்.

தேவையானவை: ஒரு அடி பிவிசி பைப், ரசமட்டம், தூக்குக்குண்டு. தூக்குக்குண்டு இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டினால் போதும். பலர் கோட்டை விடுவது தரையில்தான். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மொட்டைமாடித் தளத்தை வாட்டம் வைத்தே போட்டிருப்பார்கள். பைப் ஒரு டிகிரி சாய்ந்தாலே அரை சென்டிமீட்டர் நிழல் விழும், உடனே ‘இன்றைக்கு இல்லை போல’ என்று இறங்கிவிடுவார்கள். ஒரு டைல்ஸ் துண்டை வைத்து, அடியில் அட்டை சொருகி ரசமட்டம் பார்த்து, அதன்மேல் பைப்பை நிறுத்துங்கள். சரியாக அமைந்தால் பைப்புக்குள் வெளிச்சம் அடிவரை வட்டமாக இறங்கும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, பார்க்க வேண்டியது தரையைத்தான்.

இன்று தவறினால் நாளைக்கும் பார்க்கலாம். சூரியன் ஒரு நாளில் நகர்வது அரை டிகிரிக்கும் குறைவு, ஒரு அடி பைப்பில் அது 2 மில்லிமீட்டர் நிழல். கன்னியாகுமரிக்கு ஓரிரு நாள் முன்பே முடிந்திருக்கும், கோவில்பட்டிக்கு ஒரு நாள் கழித்து.

சென்னையில் படிக்கிற நண்பர் யாராவது இருந்தால் இதை வைத்துப் பூமியையே அளந்துவிடலாம். அங்கே ஒரு மீட்டர் கம்பை நேராக நிறுத்தி, அவர்கள் உச்சிப்பொழுதில், அதாவது 12.10 வாக்கில், நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 7.6 சென்டிமீட்டர் வரும், அதாவது 4.35 டிகிரி. சென்னைக்கும் நெல்லைக்கும் வடக்கு தெற்காக உள்ள நேர்த்தூரம் சுமார் 483 கி.மீ. 360-ஐ 4.35-ஆல் வகுத்து 483-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ரோட்டுத் தூரத்தைப் போட்டால் கணக்கு கெடும், அது 600-க்கு மேல். நிழல் அளப்பதில் அரை சென்டிமீட்டர் பிசகினால் விடையில் 2,000 கி.மீ.க்கு மேல் போய்விடும். அதனால் மூன்று பேர் தனித்தனியாக அளந்து சராசரி எடுப்பது நல்லது.

ஏப்ரல் 26

நுங்கு இறங்கிவிட்டது. உரித்துப் பையில் போட்டு விற்பதைவிட முழுக்காயாக வாங்கி, கண்முன்னே சீவச் சொல்லி, கட்டைவிரலால் நோண்டித் தின்பதுதான் ருசி. சீவியதும் மூன்று கண்ணையும் பாருங்கள். கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவி, விரல் பட்டால் குழைந்து, உள்ளே தண்ணீர் நின்றால் இளசு. வெள்ளையாக இறுகிப் போயிருந்தால் கடுக்காய், அதாவது முற்றிய நுங்கு. அதை ஆசைக்குக்கூடத் தின்ன வேண்டாம், வயிறு வலிக்கும். மேல்தோலின் துவர்ப்பு பிடிக்காதவர்கள் உரித்துத் தின்னலாம், ஆனால் அந்தத் தோலோடு தின்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தின்ற காயைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நுங்கு வண்டி செய்து கொடுக்கலாம். ஒரே அளவில் இரண்டு காய், பெருவிரல் கனத்தில் ஒரு அடி நேர்க்குச்சி, இடுப்பு உயரத்துக்கு ஒரு கவட்டைக் கம்பு. குச்சியின் இரு முனையையும் கூராகச் சீவி, காயின் நடுமையத்தில் இறுக்கமாக அடித்து ஏற்ற வேண்டும். மையம் தப்பினால் வண்டி நொண்டும். சக்கரமும் அச்சும் ஒன்றாகச் சுற்றும், அச்சு கவட்டைக்குள் உருளும். உராய்கிற இடத்தில் துளி தேங்காயெண்ணெய் போதும். திருப்பத்தில் வண்டி முரண்டுவதற்குக் காரணம், இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும் என்பது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும், அதனால் ஒன்று இழுபடும். காரில் இரு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் எதற்கு என்று மெக்கானிக்கல் பிள்ளைகள் கேட்டால் இதை ஓட்டிக் காட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் காய் வற்றித் துளை பெரிதாகிவிடும், பிறகு புதுக்காய்தான்.

பதநீர் குடிக்கிறவர்கள் காலையிலேயே போக வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளிக்காமல் நிற்கிறது. வெயில் ஏற ஏற ருசி மாறும். ஓலைப் பட்டையில் ஊற்றி நுங்கை நசுக்கிப் போட்டுக் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தால் பட்டை கேட்டு வாங்குங்கள்.

மே 3

நன்னாரி சர்பத், வீட்டுக் கணக்கில்: வேர் 50 கிராம், தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை 1 கிலோ, எலுமிச்சம்பழம் 2. வேரை மண்போகக் கழுவி லேசாக இடித்து, நடுவில் இருக்கிற வெள்ளைக் கட்டையை எடுத்துவிட வேண்டும். வாசனை எல்லாம் தோலில்தான், கட்டையில் சாரம் கிடையாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சற்று ஆறியபின் வேரைப் போட்டு மூடி ராத்திரி முழுக்க வையுங்கள். வேரையே போட்டுக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். காலையில் வடிகட்டி, சர்க்கரை போட்டுச் சிறுதீயில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் எலுமிச்சைச் சாறு விட்டு இறக்கவும். சாறு இல்லாவிட்டால் பாட்டில் அடியில் சர்க்கரை கல்லாக உறைந்துவிடும். கடைச் சர்பத்தின் கருஞ்சிவப்பு இதில் வராது, வெளிறிய பழுப்புதான் வரும். 200 மில்லி குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி. மண்பானைத் தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது.

மே 9

கூந்தன்குளம். நெல்லையிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் சுமார் 38 கி.மீ. 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வந்தார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர். குளத்தில் மட்டுமல்ல, தெருவில் வீட்டை ஒட்டி நிற்கிற மரங்களிலும் கூடு இருக்கும்.

மே மாதத்தில் போவதற்குக் காரணம் குஞ்சுகள். பூநாரை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தை, மாசியில் வர வேண்டும். இப்போது பார்க்க வேண்டியது மஞ்சள்மூக்கு நாரையின் கூடு. பெரிய பறவைக்குக் குரல் கிடையாது, அலகைத் தட்டிச் சத்தம் எழுப்பும், அவ்வளவுதான். குஞ்சுதான் ஓயாமல் கத்தும். வெயில் ஏறியதும் தாயோ தகப்பனோ சூரியனுக்கு முதுகு காட்டிச் சிறகை விரித்து நிற்கும், அந்த நிழலுக்குள் குஞ்சுகள் ஒடுங்கும். சூரியன் நகர நகர அதுவும் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து கால்மணி நேரம் அசையாமல் பார்த்தால் இது கண்ணில் படும். கூடு கூடாகத் தாவிப் படமெடுத்தால் எதுவும் தெரியாது.

இரை எடுக்கும் விதத்தை வைத்தே தூரத்திலிருந்து பறவையைச் சொல்லலாம். தண்ணீருக்குள் அலகைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, மீன் பட்டதும் கவ்வினால் மஞ்சள்மூக்கு நாரை. தலையை இடவலமாக அரிவாள் வீசுவது போல ஆட்டிக்கொண்டே நடந்தால் கரண்டிவாயன். கூழைக்கடாவைச் சொல்லவே வேண்டாம், அலகின் அடியில் தொங்கும் பையே காட்டிக்கொடுத்துவிடும்.

காலை 6 மணிக்குள் அங்கே இருங்கள். பைனாகுலர் 8×42 போதும். தண்ணீர் வற்றிய வருஷம் குளம் வெறிச்சோடிக் கிடக்கும், கிளம்புமுன் அந்தப் பக்கத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டுக்கு அடியில் போய் நிற்காதீர்கள். பயந்து தாய் எழுந்தால் அந்த வெயிலில் குஞ்சு தாங்காது.

மே 16

இந்தக் கோடையின் பெரிய விருந்து இதுதான்: திரிசங்கு. தெற்கு வானத்துச் சிலுவை. டெல்லியில் இதன் அடி நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலேயே வராது. நமக்கு முழுச் சிலுவையும் செங்குத்தாக நிற்கும். மே நடுவில் இரவு 9.15 வாக்கில் நேர் தெற்கில் உச்சம். வாரத்துக்கு அரைமணி நேரம் முந்திக்கொண்டே போகும். ஜூன் முதல் வாரம் தாண்டினால் இந்த உச்சநேரம் அந்தி வெளிச்சத்துக்குள் போய்விடும்.

இடம் முக்கியம். பாபநாசம், குற்றாலம் பக்கம் மலை மறைக்கும். நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி வட்டாரத்தில் தெற்கு திறந்த வெளியாக இருக்கிற இடம் சிறப்பு. பாளையங்கோட்டை மாடியிலிருந்தும் சிலுவையின் நான்கு நட்சத்திரம் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நிலா இல்லாத நாளாகப் பாருங்கள், அமாவாசையை ஒட்டிய ஒரு வாரம் சரி. குளத்தங்கரை, வயல்வரப்பு என்றால் பாம்பு இருக்கும். ஷூ போட்டுக்கொண்டு கூட்டமாகப் போக வேண்டும். டார்ச்சில் சிவப்பு கண்ணாடிக் காகிதம் கட்டுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடம் ஆகும், ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்துதான்.

தெற்கு நோக்கி நின்று கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். ஒரு முஷ்டி அகலம் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி ஏறினால் சிலுவையின் நடுப்பகுதி. உச்சி நட்சத்திரம் செம்மஞ்சளாக இருக்கும், மற்ற மூன்றும் நீலம் கலந்த வெள்ளை. இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள், தள்ளி இருப்பதிலிருந்து கிட்டத்தில் இருப்பதன் வழியாகக் கோடு இழுத்தால் சிலுவையின் உச்சியைத் தொடும். அந்தத் தள்ளி இருப்பது ஆல்ஃபா சென்டாரி, 4.37 ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

பலர் ஏமாறுவது வலப்பக்கம், தென்மேற்கில் தாழ்வாக நிற்கும் போலிச் சிலுவையில். அது பெரியது, மங்கல், பக்கத்தில் வழிகாட்டி ஜோடி கிடையாது. உண்மையான சிலுவையில் வலக்கைக்கும் காலுக்கும் நடுவே மங்கலாக ஐந்தாவது நட்சத்திரம் ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

10×50 பைனாகுலர் கிடைத்தால் 10 மணிக்கு மேல் நேர் தெற்கில் மூன்றரை முஷ்டி உயரத்தைத் தேடுங்கள். புகைத்திட்டு போல வட்டமாக ஒன்று தெரியும்: ஒமேகா சென்டாரி. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட கூட்டம். முழங்கையைச் சுவரிலோ பைக் சீட்டிலோ ஊன்றினால்தான் ஆடாது. போனில் எடுக்க: ப்ரோ மோடு, ஐஎஸ்ஓ 1600, 15 வினாடி, ஃபோகஸ் முடிவிலியில், டைமர் 3 வினாடி. டைமர் வைக்காமல் விரலால் அழுத்தினால் எல்லா நட்சத்திரமும் புழுவாக நெளியும்.

மே 24

படம் வரைகிறவர்களுக்கு கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவில். ஊரிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் சுமார் 13 கி.மீ. நாயக்கர் காலத்துச் சிலைகள், ஆளுயரம். ரதி, மன்மதன், கர்ணன், இளவரசியைத் தூக்கிப் போகும் குறவன். காலைச் சாய்வெளிச்சத்தில்தான் நகமும் நரம்பும் எழுந்து வரும். நடைசாத்தும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். முகத்தில் ஆரம்பிக்காமல், முதலில் உச்சியிலிருந்து பாதம் வரை தூக்குநூல் பிடித்தது போல ஒரு நேர்க்கோடு போடுங்கள். இடுப்பு அந்தக் கோட்டை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று குறித்த பிறகுதான் மற்றது. அந்த விலகலில்தான் சிலையின் உயிர் இருக்கிறது. 2பி பென்சில் போதும்.

ஜூன் 7

காற்று திரும்பிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே பாயத் தொடங்கியதும் பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் ஓய்வதே இல்லை. மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியும். போனில் வீடியோ எடுத்து ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்று பாருங்கள். விட்டம் 80 மீட்டர், சுற்றுக்கு 4 வினாடி என்றால் இறக்கை நுனி ஓடுகிற தூரம் 251 மீட்டர். வினாடிக்கு 63 மீட்டர், மணிக்கு 226 கி.மீ.!

அதே காற்றில் ஓலைக் காத்தாடியும் விடலாம். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் இரண்டு பனையோலைத் துண்டு. ஒன்றின் நடுவில் கீறி, மற்றதைக் குறுக்கே கோத்து, மையத்தில் உடைமுள்ளைக் குத்தி, முள்ளைக் குச்சியில் செருகுங்கள். நான்கு இதழையும் ஒரே பக்கமாக முறுக்க வேண்டும். ஒன்று மாறினாலும் நின்று நின்று சுற்றும். பச்சோலை துவண்டுவிடும், காய்ந்தது வெடிக்கும். ஒரு நாள் நிழலில் வாடிய ஓலைதான் பதம். முள் துளையில் லேசாக ஆடுகிற அளவுக்கு இடம் விடுங்கள்.

ஜூன் 14

குற்றாலத்தில் சாரல். தென்காசியிலிருந்து 5 கி.மீ., செங்கோட்டை ரயிலில் போய் தென்காசியில் இறங்கினால் செலவு குறைவு. எண்ணெய், சோப்பு, ஷாம்பு கொண்டுபோகாதீர்கள், அருவியில் அதற்குத் தடை இருக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மழை மலைக்கு மேலே பெய்யும், கீழே நமக்கு வானம் வெளுத்தே இருக்கும். 2024 மே மாதம் பழைய அருவியில் திடீர் வெள்ளம் ஒரு மாணவரின் உயிரைக் கொண்டுபோனது. தண்ணீர் செம்மண் நிறமாவது, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுவது, இரைச்சல் கனப்பது, இதில் எது தென்பட்டாலும் விசில் சத்தத்துக்குக் காத்திராமல் வெளியேறுங்கள். பையை எடுக்கத் திரும்ப வேண்டாம். அதனால் பையை முதலிலேயே தண்ணீருக்கு எட்டாத மேட்டில், ஒரு ஆளைக் காவலுக்கு வைத்து விடுங்கள். குளிப்பதில் முறை மாற்றிக்கொள்ளலாம்.

வார நாளில் காலை 6 மணிக்கு முன்னால் போனால் பேரருவியில் தலைக்கு நேராகத் தண்ணீர் விழுகிற இடத்திலேயே நிற்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஐந்தருவியிலும் வரிசைதான்.