லாஸ்ட் நேம் கட்டாயம்

ஊத்துக்கோட்டை இ-சேவை மையத்துக் கவுண்டரில் அதிக நேரம் பிடிப்பது பெயர்க் கட்டம்தான். க. முருகன் என்றால் க, அப்பா கந்தசாமி. அடுத்து நிற்கும் தெலுங்கு வீட்டுக்காரருக்கோ முன்னெழுத்து வீட்டுப் பெயர். சந்திரபாபு நாயுடுவுக்கு முன்னால் வரும் ‘நாரா’ மாதிரி. புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இரண்டும் சேர்ந்தே வரும்: வி.எஸ். அச்சுதானந்தனில் வி, வேலிக்ககத்து வீடு. எஸ், அப்பா சங்கரன். திரையோ சிவப்பு நட்சத்திரம் போட்டு ‘லாஸ்ட் நேம்’ கேட்கிறது.

ஒற்றைப் பெயர்க்காரர் பாடு இன்னும் மோசம். பான் அட்டைக்குப் பல காலம் புழங்கிய 49ஏ படிவத்தில் அந்தப் பெயரை லாஸ்ட் நேமில் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் கிவன் நேமில் எழுதி, சர்நேமைக் காலியாக விட வேண்டும். ஒரே ஆளுக்கு நேரெதிர் விதி! 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்றது அமீரகம். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் இதெல்லாம் டீக்கடைப் பேச்சு. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே ‘லாஸ்ட் நேமுக்கு என்ன போடுவது?’ என்று கேட்கிறார்கள். பெயர் வைக்கும் யோசனைக்குள் படிவம் புகுந்துவிட்டது.

படிவத்தை வடிவமைப்பவர் செய்யக்கூடியது ஒன்றும் பெரிய வித்தையில்லை. முழுப் பெயருக்கு ஒரே கட்டம், ஆதாரில் இருப்பதுபோல. புள்ளியையும் இடைவெளியையும் ஏற்க வேண்டும். ‘தவறான பெயர்’ என்று மட்டும் சொன்னால் ஆபரேட்டர் முதலில் புள்ளி வைத்துப் பார்ப்பார், அடுத்து ‘முருகன் முருகன்’ என்று அடித்துத் தள்ளிவிடுவார். அந்தப் பெயரே சான்றிதழில் அச்சாகும். எப்படி எழுத வேண்டும் என்ற குறிப்பைக் கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் வைத்தால் முதல் எழுத்து அடித்ததுமே மறையும். கட்டத்துக்கு மேலே வையுங்கள்.

இரண்டு ஆவணங்களை ஒப்பிடும்போது புள்ளிகளை நீக்கி, சொற்களின் வரிசையைப் பொருட்படுத்தாமல் பார்க்க வேண்டும். ஆங்கில ‘கே’ கந்தசாமியோடு பொருந்தலாம். ஆனால் குமாரசாமியோடும் பொருந்துமே! அதனால் பிறந்த தேதியும் ஒத்துப்போகாமல் ‘சரி’ காட்டக் கூடாது. அப்பா பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கட்டும். அதிலிருந்து முன்னெழுத்தைத் தானாக எடுத்து ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு அது தப்பாகவே வரும்.